பாதியில் மூடிய பச்சைப் புத்தகம்

பிப்ரவரி 9, சனி

குல்சுன் வீட்டில் புத்தகக் கூடல். நாங்கள் நால்வரும் பிஷ்கெக்கில் ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். மாதம் ஒருமுறை ஒருத்தி வீட்டில் கூடி, படித்ததைச் சொல்லி, பிடித்ததை இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆட்கள்தான் சரியில்லை.

குல்சுன் மறுபடியும் பணக்காரர் ஆகும் வழி சொல்லும் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புருஷனுக்குப் பல் மருத்துவமனை, மகனுக்குப் பல் மருத்துவமனை. இன்னும் எவ்வளவு ஆக வேண்டுமாம்? "என் வாழ்க்கையே மாறிடுச்சுடி" என்றாள். போன மாதமும் மாறியது. அதற்கு முந்தைய மாதமும். வாடகை வீடுகூட இத்தனை தடவை மாறாது.

நூர்கிஸ் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். ஒரு நாவலை அவள் அளப்பது கண்ணீரை வைத்து. "அழுது அழுது மூக்கே அடைச்சுப்போச்சு. கட்டாயம் படிங்கடி" என்றாள். மூக்கடைப்புக்கு அவள் கடையிலேயே மருந்து இருக்கிறதே, நாவல் எதற்கு?

நான் கொடுத்த உப்பு வியாபாரிகளின் கதை குல்சுனிடமிருந்து திரும்பி வந்தது. தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் சம்சா எண்ணெய். அதற்குப் பிறகு எல்லாமே கை படாத பக்கங்கள். "பிரமாதம்" என்றாள். முடிவு எப்படியிருந்தது என்று கேட்டேன். "முடிவுதான் பிரமாதமே!" என்றாள். ஒரு புத்தகத்தைக் கடைசி வரை படிக்க முடியாதவர்கள் அதைப் பற்றி எந்த முகத்தோடு வாயைத் திறக்கிறார்கள்?

ராய்கான் வழக்கம்போல மூலையில். வானிலை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். எங்கள் பேச்சையும் மேகத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள். இன்று ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தாள். மெலிந்த பச்சை அட்டை. எழுதியவர் தா. எசென் என்றிருந்தது. நான் கேள்விப்பட்டதில்லை.

"மலிவா கிடைச்சுது. பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுடுங்க" என்றாள்.

மலிவு என்பது அட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

பிப்ரவரி 14

இரண்டாம் பக்கத்திலேயே மூன்று எழுத்துப் பிழைகள். பாடநூல் பதிப்பகத்தில் நாளெல்லாம் பிழை திருத்திவிட்டு வீட்டிலும் இதே பிழைப்பா? ஆனாலும் பென்சிலைத் தேடி எடுத்தேன்.

பிப்ரவரி 20

இசிக்குல் ஏரிக்கரையில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் ஒருத்தியின் கதை. பெயர் அய்ஜான். புருஷன் தூரத்துச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வருவதே இல்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, மேகம் எவ்வளவு தாழ இறங்கியது என்றுதான் ஆரம்பிக்கிறது. நாவலா இது? ரேடியோவில் செய்தி முடிந்ததும் வாசிப்பார்களே, அது.

இதில் கூமுஷ் என்றொரு தோழி வேறு. அவளுக்கு எதிலும் குறைதான். சாவு வீட்டுக்குப் போகிறாள். அங்கே மலர் வளையத்தில் கட்டிய நாடாவில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று பேனாவை எடுக்கிறாள். அழுதுகொண்டிருப்பவர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். சிரிக்க வைக்க எழுதியதாம். உலகத்தில் இப்படி ஒரு பெண் இருப்பாளா? மனிதர்களை ஒருநாளும் பார்த்திராத யாரோ ஓர் ஆண்பிள்ளை, அறைக்குள் உட்கார்ந்து எழுதியது.

பிப்ரவரி 26

பாதியில் மூடிவிட்டேன். ஆயுள் குறைவு. கெட்டுப்போன முட்டை என்று தெரிய முழு முட்டையையும் தின்ன வேண்டுமா?

மார்ச் 9, சனி

நேற்றைய மகளிர் தினப் பூக்கள் வாடிக்கொண்டிருக்க, இன்று நூர்கிஸ் வீட்டில் கூடல். மந்தி, அதுதான் கறிக் கொழுக்கட்டை, ஆவியில் வெந்துகொண்டிருந்தது. பச்சைப் புத்தகத்தைப் பற்றி யார் முதலில் சொல்வது என்று கேட்டாள் நூர்கிஸ். நான் விடுவேனா?

நன்றாகப் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "குடை எடுத்துட்டுப் படிக்க வேண்டிய நாவல்டி இது" என்று ஆரம்பித்தேன். அய்ஜான் பத்துப் பக்கம் ஜன்னல் வழியாக மேகம் பார்ப்பதை நடித்துக் காட்டினேன். நூர்கிஸ் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு கூமுஷ். "இந்தப் பொம்பளை இருக்காளே, இவதான் உச்சம். சாவு வீட்டுல பேனாவை எடுக்கறா! இப்படி ஒருத்தியை யாராவது எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

குல்சுனுக்குத் தேநீர் புரை ஏறி மூக்கு வழியாக வந்துவிட்டது. நூர்கிஸ் சமையலறைக்கு ஓடினாள். அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம். இத்தனை வருடத்தில் நான் பேசி இவர்கள் இப்படிச் சிரித்ததே இல்லை.

ராய்கானும் சிரித்தாள். உதட்டால் மட்டும். "அப்ப, கூமுஷை நம்ப முடியலைங்கறியா?" என்று கேட்டாள்.

"துளிகூட."

"சரி" என்றாள். மந்தியைத் தொடாமலே சீக்கிரம் கிளம்பிப் போனாள்.

மார்ச் 10

காலையில் பல் தேய்க்கும்போதுகூடச் சிரிப்பு வந்தது. குடை! நல்ல வரி.

மார்ச் 21, நூரூஸ் பண்டிகை

ராய்கான் வரவில்லை. வருடா வருடம் என் வீட்டில்தான் பண்டிகைக் கோதுமைக் களி, சூமலாக், கிண்டுவோம். போன் செய்தால் எடுக்கவில்லை. காய்ச்சலாக இருக்கும். இல்லை, மேகம் பார்க்கிறாளோ என்னவோ.

மார்ச் 23

குல்சுன் போன் செய்தாள். ராய்கானுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பூர்மகான், உனக்கு நெசமாவே புரியலையா, இல்லை நடிக்கிறியா?"

"எது?"

"தா. எசென் யாருன்னு."

"யாரு?"

"அடியே, பக்கத்துக்குப் பக்கம் காத்தும் மேகமும்னு யாருடி எழுதுவா? ராய்கானோட அப்பா பேரு என்ன? எசென்பெக். பாவம், ரெண்டு வருஷமா எழுதி, கைக்காசு போட்டு அச்சடிச்சிருக்கா. வெட்கப்பட்டு நம்மகிட்டயும் சொல்லலை. நானும் நூர்கிஸும் பத்துப் பக்கத்துலயே கண்டுபிடிச்சுட்டோம்."

"அப்ப கூமுஷ்?"

"கூமுஷா?" குல்சுனுக்கு மறுபடியும் சிரிப்பு. "என் மாமியார் செத்தப்ப மலர் வளையத்து நாடாவைப் பார்த்துட்டு நீ பேனாவை எடுத்தியா இல்லையா?"

"எடுத்தேன். பிழைதானே அது?"

அவள் சிரித்து முடிக்கும் வரை நான் காத்திருக்கவில்லை. வைத்துவிட்டேன்.

மார்ச் 24

மூணு பேரும் தெரிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாளுங்க. நான் நடுவுல நின்னு ஆடியிருக்கேன், சந்தையில கரடி ஆடற மாதிரி. அவளுங்க சிரிச்சது என் பேச்சுக்குன்னு நினைச்சேன் — சே!

அதிலும் ராய்கான். ஏழு வயசுலேர்ந்து கூட இருக்கறவ. முதுகுக்குப் பின்னாடி என்னை எழுதி, அச்சடிச்சு, என் கையிலயே கொடுத்து, படின்னும் சொல்லியிருக்கா. என்ன தைரியம்! அதுவும் இத்தனை எழுத்துப் பிழையோட!

மீதியைப் படிக்கப் போகிறேன். ஒரு வரி விடாமல். இன்னும் என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கப் போகிறேன்.

மார்ச் 26

படித்து முடித்தேன்.

நான் மூடிய இடத்துக்கு அடுத்த அத்தியாயத்தில்தான் அது தெரிகிறது. அய்ஜானின் புருஷன் எந்தச் சுரங்கத்திலும் இல்லை. அவளை விட்டுவிட்டு வேறொருத்தியோடு அதே ஊரில் குடியிருக்கிறான். ஊருக்கெல்லாம் தெரியும். பால்காரிக்குத் தெரியும். கூமுஷ் ஒருத்திக்குத்தான் தெரியாது. அவளிடம் மட்டும் அய்ஜான் 'அவருக்குச் சுரங்கத்தில் வேலை' என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறாள். ஏன் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கும்போது அய்ஜான் சொல்வது இது: "அவ என் துக்கத்துலயும் பிழை கண்டுபிடிப்பா."

அந்த வரியில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

ராய்கானின் புருஷன் எமில் நாரின் ஆற்றுப் பக்கம் அணைக்கட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அப்படித்தான் என்னிடம் சொன்னாள்.

இரவுச் சாப்பாட்டின்போது சபாரிடம் கேட்டேன். "எமில் எங்க இருக்கான்?"

என் புருஷன் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்: "இங்கதான், ஓஷ் பஜார் பக்கத்துல. ஒரு தையல்காரியோட."

"உனக்குத் தெரியுமா?"

"எங்க பஸ் டிப்போவுல எல்லாருக்கும் தெரியும்."

"ஏன்யா என்கிட்ட சொல்லலை?"

"ராய்கான் கேட்டுக்கிட்டா." பிறகு கொஞ்சம் யோசித்து, "சொல்லியிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?" என்றான்.

என்னை எல்லாரும் என்னவென்று நினைத்திருக்கிறார்கள்? நான் என்ன பேயா?

மார்ச் 30, சனி

வானிலை ஆய்வகத்துக்குப் போனேன். ராய்கான் முற்றத்தில் வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெட்டியைச் சாத்தினாள். ஓடிவிடுவாள் போலிருந்தது.

சண்டை போடத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "எமில் விஷயத்தை ஏன்டி சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? யோசிச்சு, பொய் இல்லாம சொல்லு."

யோசித்தேன். பொய் சொல்ல முடியவில்லை. "'அவன் லாயக்கில்லாதவன்னு கல்யாணத்தன்னிக்கே சொன்னேன்ல?'ன்னு சொல்லியிருப்பேன்."

"ம். அதான் சொல்லலை."

பாப்ளர் மரங்களில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. குளிரில் இருவரும் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றோம்.

"நாவல் மோசம்னு சொன்னதுக்காகவா போன் எடுக்கலை?" என்று கேட்டேன்.

"இல்லடி. நீ அப்படித்தான் சொல்வேன்னு தெரியும். அதுக்குத்தான் வேற பேருல கொடுத்தேன், என் முகத்தைப் பார்க்காம நீ நிஜத்தைச் சொல்லணும்னு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அன்னிக்கு அவங்க ரெண்டு பேரும் உன் பேச்சுக்குச் சிரிக்கலை. உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் தடுத்திருக்கலாம். தடுக்கலை. கொஞ்ச நேரம் எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுக்குப் போனதும் அசிங்கமா இருந்துச்சு. அதான் எடுக்கலை."

எனக்கு இப்படிப்பட்ட பேச்சு பழக்கமில்லை.

"பின்பாதி நல்லாயிருக்கு" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தாள். "நிஜமாவா? சமாதானத்துக்குச் சொல்றியா?"

"ஒன்பதாவது அத்தியாயம் குப்பை. அந்தக் குதிரை எங்கேருந்து வந்துச்சு, எங்க போச்சு, ஒண்ணும் புரியலை."

"அப்ப நிஜம்தான்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஆனால் கூடவே இதையும் சொன்னாள்: "இனிமே உன்கிட்ட எல்லாத்தையும் சொல்வேன்னு எதிர்பார்க்காத. பழக்கமில்லை."

மினிபஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மேல் கோபமாக வந்தது. பிறகு பார்த்தால் கோபம் அவள் மேல் இல்லை.

ஏப்ரல் 13, சனி

என் வீட்டில் கூடல். ராய்கான் வரவில்லை, வேலையாம்.

குல்சுன் பச்சைப் புத்தகத்தின் பிரதிகளைத் தன் பல் மருத்துவமனை வரவேற்பறையில் வைத்திருக்கிறாளாம். "நம்ம ராய்கான் எழுதினதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். அப்படியே எமில் கதையையும்!" என்றாள். பல்லைப் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்களுக்கு ராய்கானின் வீட்டுக் கதை இலவசம்.

"நீ முழுசாப் படிச்சியா?" என்று கேட்டேன்.

"முக்கியமான இடம் எல்லாம் படிச்சுட்டேன்." அதாவது கூமுஷ் வரும் இடங்கள். கூமுஷையும் எமிலையும் தவிர அதில் ஒரு புத்தகம் இருக்கிறது என்பது இவளுக்குத் தெரியவே தெரியாது.

ஜாம் கிண்ணத்தை அவள் பக்கமிருந்து எடுத்து நூர்கிஸ் பக்கம் வைத்தேன். "எமில் பேரை அங்கே எடுத்தேன்னா, உன் வரவேற்பறையில நானே வந்து உக்காருவேன். தினமும்" என்றேன். குல்சுனுக்கு முகம் சிவந்துவிட்டது. நூர்கிஸ் மெதுவாக, "அவ வருவாடி" என்றாள்.

ஏப்ரல் 21

ராய்கானிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. 'குதிரையை எடுத்துட்டேன்.' வேறொன்றும் இல்லை.

மே 5, ஞாயிறு

மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். ராய்கான், தலை முதல் கால்வரை நனைந்து. நாளெல்லாம் மழையை முன்கூட்டிச் சொல்கிறவள் குடையில்லாமல் வந்திருந்தாள். நாக்கு நுனி வரை ஒன்று வந்தது. விழுங்கினேன்.

துண்டு கொடுத்தேன். தேநீர் ஊற்றினேன். சபார் எங்களைப் பார்த்துவிட்டு, டிப்போவில் ஏதோ வேலை இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனான்.

எமில் வந்தானாம். தையல்காரி துரத்திவிட்டாளாம். மாடிப்படியில் உட்கார்ந்து, வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டானாம். இவள் பதில் சொல்லாமல் கதவைப் பூட்டிவிட்டு அவனைத் தாண்டி இறங்கி நேராக இங்கே வந்திருக்கிறாள். அவளுக்கு நூர்கிஸ் வீடுதான் பக்கம். குல்சுனிடம் கார் இருக்கிறது. இரண்டு பஸ் மாறி இங்கே வந்திருக்கிறாள்.

நிறையச் சொன்னாள். அவன் இல்லாத முதல் குளிர்காலம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்த விதம். பிள்ளைகளுக்குப் போனில் சொன்னது. நடுநடுவே அந்த ஆளுக்கு ஏற்ற வார்த்தைகள் எனக்கு வரிசையாக வந்து நின்றன. அத்தனையும் அருமையான வார்த்தைகள். ஒன்றையும் வாயைவிட்டு வெளியே விடவில்லை.

கடைசியில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் என்னடி செய்ய? சேர்த்துக்கட்டுமா?"

ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் நிரம்பித் தெருவில் வழிந்துகொண்டிருந்தது.

"எனக்குத் தெரியலைடி" என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஈரக் காலுறைகளைக் கழற்றி ரேடியேட்டர் மேல் போட்டாள். சோபாவில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தேநீர் இருக்கிறதா என்று கேட்டாள்.

கெட்டிலை மறுபடியும் அடுப்பில் வைத்தேன்.