மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில்

குட்டி,

சோறு வடித்துவிட்டேன், குழம்பை மட்டும் சுடவைத்துக்கொள். தையல் கடைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, தேடாதே.

பதினோரு மணிக்கு வீட்டுத் தரகர் வருவார். சேர்ந்து வாங்கவிருந்த வீட்டுக்குப் பத்திரம் பதிய நாங்கள் ரெண்டு பேருமே வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும், நீ உள்ளே போய் ஒளியாதே.

நேற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டியபோது, "எனக்கு வேண்டாம்க்கா, நான் விலகிக்கிறேன்"னு சொன்னாயே, ஆடிப்போய்விட்டேன். அத்தனை பேர் முன்னால் கத்தியும் விட்டேன். காலையில்தான் அந்த வீட்டுக்கு நான் போட்டுவைத்த படத்தை எடுத்துப் பார்த்தேன். ஓர் அறையில் வெட்டுகிற மேசை, இன்னோர் அறையில் மிஷின்கள். உன் கட்டில் மாடிப்படிக்குக் கீழே! அதை அப்போதே பார்த்திருந்தும் என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை நீ. நான் தைத்துக் கொடுத்த எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவளுக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்துடி வந்தது? எனக்கு இன்னும் மலைப்பு தீரவில்லை.

அக்கா

பி.கு.: உன் நீலச் சட்டையைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், திட்டாதே. இத்தனை வருஷமும் உன் துணியை என் அளவுக்குத்தான் வெட்டியிருக்கிறேன். சாயங்காலம் டேப்போடு வருகிறேன். இறுக்கினால் வாயைத் திறந்து சொல்லணும், நேற்று சொன்ன மாதிரி.