எஸ்தரின் திட்டு

செப்டம்பர் 11, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிறேன் என்று மிரட்டிவிட்டுப் போய்விட்டது. வாங்க வேண்டியது: துவரம் பருப்பு, ஊதுவத்தி, தொண்டைக்கு அதிமதுரம்.

நேற்று டிவியில் நான் பேசிய பகுதி ஒளிபரப்பு. நாஜிகள் பறித்துக்கொண்டு போன ஓவியத்தை ஒரு யூதக் குடும்பம் மியூசியத்திடம் திருப்பிக் கேட்கும் கதை. பிரெஞ்சுத் தொடர், தமிழில் பேசுவது எங்கள் ஸ்டூடியோ. இத்தனை வருடம் கூட்டத்தில் ஒரு குரல், இல்லாவிட்டால் வேலைக்காரி. முதல்முறையாகப் பெயர் உள்ள பாத்திரம் எனக்கு. கிழவி எஸ்தர்.

எஸ்தரின் அப்பா வரைந்த தங்கையின் படம்தான் அந்த ஓவியம். தங்கை முகாமிலிருந்து திரும்பவே இல்லை. கிழவியான பிறகு மியூசியத்துச் சுவரில் அந்தப் படத்தைப் பார்க்கிறாள் எஸ்தர். வசனம் கிடையாது. விசும்பினால் போதும் என்றார் டப்பிங் நடத்தும் ராஜன் சார். படத்தைப் பார்த்ததும் எனக்கு வாயில் வந்துவிட்டது: "எங்கடி போன இத்தினி நாளா?" காணாமல் போனது கிடைத்தால் முதலில் திட்டுதானே விழும் நம் வீடுகளில். மாடானாலும் சரி, பிள்ளையானாலும் சரி. முதுகு மட்டும் தெரியும் காட்சி, உதட்டசைவோடு ஒட்ட வேண்டியதில்லை. சார் அதை ஒருமுறை திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு, "இருக்கட்டும்மா."

செப்டம்பர் 12, வெள்ளி

தலைக்குக் குளியல். குழாயில் தண்ணீர் நூலாக.

போனில் அந்தக் காட்சிக்குக் கீழே ஊரார் எழுதியவை:
"கிழவி கத்துறது ஓவர்."
"ஒரிஜினல்ல வாயே திறக்க மாட்டாங்க. கெடுத்துட்டீங்க."
"என் தங்கச்சி ஞாபகம். அழுதுட்டேன்."
"மியூசியத்துல இருந்தா நாலு பேர் பார்ப்பாங்க, வீட்டுக்கு எதுக்கு?" இதற்குக் கீழே பெரிய சண்டை.

மளிகைக் கடையிலும் அதே. எதிர்வீட்டு அமுதா: "மியூசியம் காசு குடுத்துதான வாங்கிச்சி? அவங்க மேல என்னா தப்பு?"

கடைக்கார முருகேசன் அண்ணன்: "ஒங் கம்மல எவனோ புடுங்கினு போயி வித்துட்டான். வாங்குனவன் காசு குடுத்தானேன்னு உட்டுடுவியா?"

அமுதா கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பருப்பு வாங்க மறந்தேன்.

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் சேதராப்பட்டு கம்பெனியில் லீவு முடிந்து வந்த ஒருவனை எல்லோரும், "எங்கடா போன இத்தினி நாளா?" என்று என் குரலிலேயே கேட்டார்களாம். "எம் பொண்டாட்டி பேசுனதுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு?" கூச்சம். ஆனால் இரண்டு தடவை பேசிக் காட்டினார்.

செப்டம்பர் 13, சனி

லூர்து அக்கா வந்தார். அடுத்த தெரு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் குடும்பம், தொடரை பிரெஞ்சிலேயே பார்த்தவர். பயந்துகொண்டேதான் கேட்டேன், கெடுத்துவிட்டேனா என்று. "நோன், நோன், இல்லவே இல்ல. அங்க அவ சும்மா நிக்கிறா. அது அவங்க பழக்கம். எம் பையன் பாரீசுலேந்து வந்தா மொதல்ல நான் திட்டுவன், அப்பறந்தான் முத்தம்லாம்."

மத்தியானம் ராஜன் சார் போன். குரலே சரியில்லை. "புகார் வந்துடுச்சும்மா. நாளைக்கி மறு ஒளிபரப்புல சேனல்காரங்க அந்த வரிய எடுத்துடறாங்க. என் கையில இல்ல."

"எனக்கு வருத்தந்தான் சார்" என்று சொல்லியே விட்டேன். வழக்கமாகச் சொல்ல மாட்டேன். போனை வைத்த பிறகு கோபம், அழுகை. எனக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான். ஆனாலும் நன்றாகத்தான் பேசினேன். அதில் சந்தேகமே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. மாவு ஆட்டினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒருவழியாக மழை. கரண்ட் போய் வந்தது.

மறு ஒளிபரப்புக்கு அமுதா, முருகேசன் அண்ணன், லூர்து அக்கா எல்லோரும் நம் வீட்டில். வாழைக்காய் பஜ்ஜி. இடம் போதவில்லை. இவர் நின்றுகொண்டே.

எஸ்தர் படிக்கட்டில் ஏறுகிறாள். படத்தின் முன்னால் நிற்கிறாள். முதுகு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். டிவியில் வெறும் விசும்பல்.

ஆனால் அறையில் எல்லோருமாகச் சேர்ந்து, சரியாக அந்த இடத்தில்: "எங்கடி போன இத்தினி நாளா?" லூர்து அக்கா மட்டும் கொஞ்சம் பிந்தி.

"இன்னாக்கா, ஒங் குரலு வரல?" என்றாள் அமுதா. சொன்னேன். வெட்டிவிட்டார்கள் என்று.

திடீரென்று இவர், அக்கம்பக்கம் கேட்க, டிவியைப் பார்த்துக் கத்தினார்: "அது எம் பொண்டாட்டிது! திருப்பிக் குடுங்கடா!"