கல்கரி ரிக்கெற்றின் 174 டொலர்

மார்ச் 5, வியாழன்

காலை மைனஸ் ஆறு. நான் ஓடும் பள்ளிக்கூட பஸ்ஸின் கண்ணாடியில் பனிக்கட்டி. சுரண்டப் பத்து நிமிடம், விரல் மரத்துப் போனது. இரண்டாம் தரம்தான் ஸ்ரார்ட் ஆனது.

இன்று செய்ய:
– பல் டொக்டரின் திகதியை மாற்ற
– ஜெயந்தியின் மூக்குக் கண்ணாடியை எடுத்துவர
– மகளுக்கு விமான ரிக்கெற்

மூன்றாவது மட்டும் நடந்தது. கல்கரியிலிருந்து ரொறன்ரோ. பெரிய வியாழன் வந்து, உயிர்ப்பு ஞாயிறு கழிந்து செவ்வாய் திரும்ப. 612 டொலர், என்னுடைய வங்கிக் காட்டில். சீற் 17A, ஜன்னல் பக்கம். அனிற்றாவுக்குச் சின்னனில் இருந்தே ஜன்னல்தான்.

அவள் கடைசியாக இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு மாதம். வேலைக்கென்று கல்கரி போனவள், வந்து திரும்பின கையோடு போன் எடுத்து நகரசபையில் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்துவிட்டேன் என்றாள். பெடியன் சைவம், நாங்கள் கத்தோலிக்கர். கோவில் இல்லை, ஃபாதர் இல்லை, நாங்கள் இல்லை. "உது கலியாணமில்லை" என்றேன். அதோடு எனக்கும் அவளுக்கும் கதை நின்றது. தாய் ஜெயந்தியும் மகளும் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் கதைப்பார்கள். நான் கடந்து போகும்போது குரல் இறங்கும்.

ஜெயந்தி போன கிழமை சொன்னாள்: "ஈஸ்டருக்கு அவளைக் கூப்பிடுங்கோ. நீங்கள் கூப்பிட்டால் வருவாள்."

கூப்பிட்டாயிற்று. ரிக்கெற் போட்டால் கூப்பிட்டதுதானே.

"வாயாலை கூப்பிட்டால்தான் அதுக்குக் கூப்பிடுறது எண்டு பேர்" என்கிறாள் ஜெயந்தி. இவளுக்கு எதிலும் ஒரு குறை.

பயணியின் மெயில் என்ற பெட்டியில் மகளின் மெயிலைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் தாயின் போனுக்கு அவளிடமிருந்து: "அப்பாவோ போட்டவர்?" பின்னால் ஒரு மஞ்சள் முகம். சிரிக்கிறதோ அழுகிறதோ, என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் நாள். அடுப்பு மணிக்கூடு மட்டும் எப்படி மாற்றுவதென்று தெரியவில்லை, போன வருடமும் தெரியவில்லை. பூசைக்குப் பிந்திப் போய் கோவிலின் கடைசி வாங்கில் இருந்தோம்.

மத்தியானம் ஜூட் போன் எடுத்தான், அஜக்ஸ் நகரிலிருந்து. ஜெயந்தியின் தம்பி. எங்கே எது மலிவு என்று பார்ப்பதே அவனுக்குப் பொழுதுபோக்கு.

"அத்தான், பிள்ளையின்ரை ரிக்கெற் எவ்வளவுக்குப் போட்டனீங்கள்?"

"612."

ஆள் செத்துப் போன வீட்டில் கதைப்பது போல மெல்லமாகச் சொன்னான்: "இப்ப 438 காட்டுது."

அதே பிளேன், அதே நாள். மூன்று நாளில் 174 டொலர். ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாலும் என் கைக்கு அவ்வளவு வராது. பாண், பால் விலை ஏறினால் ஏறினதுதான், இறங்காது. இந்த விமானக்காரருடையது மட்டும் சந்தைக் கத்தரிக்காய் போல ஏறி இறங்குகிறது. அவசரப்பட்டவன் மடையன்.

"விடாதேங்கோ அத்தான். போன் எடுத்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவாங்கள். நாங்கள் கியூபா போகேக்கை வாங்கினனாங்கள்."

ஜெயந்தி கறி கூட்டிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "சும்மா கிடக்கிறதை ஏன் நோண்டுறியள்? பிள்ளை வந்தால் காணும்."

பிள்ளையும் வரட்டும், 174-உம் வரட்டும். இரண்டுக்கும் என்ன பகை?

மார்ச் 9, திங்கள்

காலை பஸ் ஓட்டம் முடித்து, தரிப்பிடத்தில், ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, விமானக் கம்பனிக்குப் போன்.

9.20 – ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, பிறகு திரும்ப ஒன்று.
9.26 – பாட்டு. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்."
9.50 – அதே பாட்டு. முக்கியம் என்று சொன்னது இதுவரை பதினேழு தரம், எண்ணினேன். வேறு வேலை?
10.05 – ஒரு பிள்ளை எடுத்தது. பெயர் சொன்னது, பிடிபடவில்லை.

அது சொன்ன விதிகள், சுருக்கமாக: வாங்கி ஒரு நாளுக்குள் எடுத்திருந்தால் முழுக் காசும் வங்கிக் காட்டுக்கு வந்திருக்கும். நான்கு நாள் ஆனதால் காசு இல்லை. வித்தியாசம் கிரெடிட்டாக வரும், அடுத்த ரிக்கெற்றில் கழிக்கலாம். ஒரு வருடம் செல்லும். கிரெடிட் பயணியின் பெயரில்.

"காசு கட்டினது நான், பிள்ளை."

"ஆனால் பறக்கிறது நீங்கள் இல்லை, சேர்."

காசு என் பையிலிருந்து போகும், திரும்பி வரும்போது வேறு வீட்டுக்குப் போகும். கேட்டால் விதி.

அந்த 174-ஐ எடுக்க வேண்டுமென்றால் பழைய ரிக்கெற்றை ரத்துச் செய்து, குறைந்த விலையில் புதிதாகப் போட வேண்டுமாம். அதே பிளேன், அதே ஜன்னல். "செய்யட்டா?" செய் என்றேன். புது ரிக்கெற் எந்த மெயிலுக்கு என்று கேட்டது. என்னுடையதைக் கொடுத்தேன். 10.41-க்கு முடிந்தது.

கிரெடிட் என்றாலும் வந்ததுதானே. அவள் அடுத்த தரம் வரவும் உதவும். ஜூட்டுக்குச் சொன்னேன், சொந்தக் காசு கிடைத்தவன் போலச் சந்தோசப்பட்டான். பல் டொக்டரின் திகதி இன்னும் மாற்றவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மழை. பஸ்ஸில் ஒரு சின்னப் பிள்ளை வாந்தி, கழுவித் துடைத்து வீட்டுக்கு வர நாலரை.

வீட்டில் சட்டி மூடிகள் மட்டும் கதைத்தன. ஜெயந்தி தேத்தண்ணீரை மேசையில் வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது. பிறகு தன் போனை முகத்துக்கு நேரே நீட்டினாள். கம்பனியின் மெயில், அனிற்றா தாய்க்கு அப்படியே அனுப்பிவிட்டது: உங்கள் பயணம் ரத்துச் செய்யப்பட்டுள்ளது. கீழே மகள் எழுதியது ஒரு சொல். "ஓகே."

ரத்தானது என்ற செய்தி அவளுக்கு. புதிதாகப் போட்டது என்ற செய்தி எனக்கு. இப்படி ஒரு விசர்க் கம்பனி.

"என்ன செய்தனீங்கள்?"

"விலை குறைஞ்சது. அதுதான்…"

"174 டொலருக்கு என்ரை பிள்ளையைக் கான்சல் பண்ணிப்போட்டியள்."

"பிள்ளையை இல்லை, ரிக்கெற்றை. புதுசு போட்டாச்சு. நீ ஒருக்கா எடுத்துச் சொல்லு அவளுக்கு."

"நான் சொல்லமாட்டன். இருபத்திரண்டு மாசம் உங்கடை வாயா நான் இருந்தது காணும்."

அறைக்குள் போய்விட்டாள். அந்த "ஓகே"யை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

கம்பனிக்குத் திரும்பவும் போன், 55 நிமிடம். இந்த முறை ஒரு ஆண். புது ரிக்கெற்றை மகளின் மெயிலுக்கு அனுப்பு என்றேன். மெயிலை மாற்ற வேண்டுமென்றால் பயணியே எடுக்க வேண்டுமாம். சத்தம் போட்டேன். அவன் பொறுமையாக, "உங்களுக்கு வந்ததை நீங்களே மகளுக்கு அனுப்பலாமே, சேர்" என்றான்.

உண்மைதான். அனுப்பினேன். மேலே ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன். "அன்புள்ள அனிற்றா" என்று தொடங்கி அழித்தேன். வெறுமனே அனுப்பினேன்.

மார்ச் 12, வியாழன்

காற்று, பனித்தூறல். மெயிலுக்குப் பதில் இல்லை. இரண்டு நாள்.

ஜூட்டிடம் நீ எடுத்துச் சொல் என்றேன். "நான் எடுத்தால் மாமா கூப்பிட்டதாப் போகும் அத்தான்" என்றான். 174-ஐக் கிளப்பிவிடும்போது இருந்த வீரம் இப்போது எங்கே?

1.10-க்கு பஸ்ஸுக்குள் இருந்து மகளுக்கு போன் எடுத்தேன். கல்கரியில் அப்போது 11.10. ஒரு மணிக்கே எடுக்க இருந்தது. பின்சீற்றில் யாரோ விட்ட தொப்பி, கையுறை எல்லாம் பொறுக்கி அடுக்கினேன், அதில் பத்து நிமிடம் போயிற்று.

"அப்பா?" குரல் தாயின் குரல்.

சொன்னேன். 612, 438, கிரெடிட், ரத்து ஆனால் ரத்தில்லை, மெயில் மாறிப் போனது, அதே 17A. நான்கு நிமிடம் இருக்கும். பொலிசில் முறைப்பாட்டு என்றி போடுபவன் போலச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"அப்பா, ஆனஸ்ட்லி, நான் முதலே வாறதா இருக்கேல்லை. கான்சல் மெயில் வரமுந்தியே முடிவெடுத்திட்டன்."

"ஏன்?"

"நீங்கள் போட்டது ஒரு சீற்."

"ஓம். ஜன்னல்."

"ஒரு சீற், அப்பா. நாங்கள் ரெண்டு பேர். ஈஸ்டருக்கு அவரைத் தனிய இங்க விட்டிட்டு, அங்க உங்கட மேசையில இருந்து சாப்பிட என்னால ஏலாது. ஐ ஜஸ்ட் கான்ட்."

"பள்ளிக்கூடம் விடப்போகுது" என்றேன். விடப்போனது உண்மை, இன்னும் நாற்பது நிமிடம் இருந்ததும் உண்மை.

"ஓகே. ரோட்டு வழுக்கும், கவனமா ஓடுங்கோ அப்பா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து ஜெயந்திக்குச் சொன்னேன், இரண்டு சீற் கேட்கிறாள் என்று. "இப்பதான் உங்களுக்குக் காது கேக்குதோ?" என்றாள். ஆனால் சோறு சூடாக இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

தவக்கால வெள்ளி, மரக்கறி. பின்னேரம் சிலுவைப்பாதை. முழங்கால் நோ. பத்தாம் தலத்தில் எழும்ப முடியாமல் வாங்கைப் பிடித்தேன்.

கம்பனியைத் திட்டினேன், ஜூட்டைத் திட்டினேன், இரண்டு நாளாக மகளையும் மனதுக்குள் திட்டினேன். போதும். இங்கே யாரும் வாசிக்கப் போவதில்லை, ஆகவே எழுதுகிறேன்: இரண்டாவது சீற்றை நான் மறக்கவில்லை. ரிக்கெற் போட்ட பக்கத்தில் "பயணிகள் 1" என்று இருந்தது, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. அம்புக்குறியை அதற்கு மேலே கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். பிறகு கீழே இறக்கினேன். அவள் தனியாக வந்தால் பழைய மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவன் இல்லாத மாதிரி இருக்கும் என்று.

கோவிலில் கட்டாதது எனக்கு இன்னும் கோபம்தான். அது போகவில்லை. ஆனால் எனக்கு என் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 14, சனி

வெயில், மூன்று பாகை. ஒரு கிழமை பள்ளிக்கூட விடுமுறை, பஸ் இல்லை. ஜெயந்தியின் கண்ணாடி எடுத்தாயிற்று. பால், முட்டை, கழுவும் பவுடர் வாங்கினேன்.

பத்து மணிக்கு மேசையில் லப்டொப்போடு இருந்தேன். அதே பிளேனில் இன்னொரு சீற். 17B இருக்கிறது. விலை 689.

ஞாயிறு 438-க்குக் கிடந்தது. இரண்டாவது ஆளுக்கென்றவுடன் 689. ஜூட்டுக்கு எடுத்தேன். "ஐயோ அத்தான், இப்ப தொடாதேங்கோ! செவ்வாய் வரை பொறுங்கோ, கட்டாயம் விழும்" என்கிறான். அந்த 174 கிரெடிட்டை இதில் கழிக்கலாமோ என்று விதியை வாசித்தேன். முடியாதாம். அவளுடைய பெயரில் உள்ளது அவளுக்கு மட்டுமாம், புருசனுக்கும் செல்லாதாம். நல்ல விதி, நல்லாயிருங்கள்.

செவ்வாய் விழலாம். செவ்வாய்க்குள் 17B-யும் போகலாம். 17B-யை அமுக்கினேன். மேலே ஒரு மணிக்கூடு ஓடத் தொடங்கியது: பத்து நிமிடம்தான் சீற்றைப் பிடித்து வைக்குமாம்.

அடுத்த பக்கம். பயணியின் முழுப்பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி. பிறந்த திகதி.

பெட்டி வெறுமையாக நிற்கிறது. நானும் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நிரோ என்றோ என்னவோ காதில் விழுந்திருக்கிறது. இருபத்திரண்டு மாதமாக எனக்கு அவன் பேரில்லாத வெறும் "உவன்".

"ஜெயந்தி! உவன்ரை முழுப்பேர் என்ன?"

குசினி வாசலுக்கு வந்தாள், கையில் மா. கம்பியூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும். நீங்கள் கேளுங்கோ."

ஏழு நிமிடம் மிச்சம். மகளின் போனுக்கு எடுத்தேன். எடுத்தது அவள் இல்லை.

"ஹலோ அங்கிள். அனிற்றா கடைக்குப் போயிட்டா, போனை விட்டிட்டு. வந்தவுடனை எடுக்கச் சொல்லட்டோ?"

மாமா என்று சொல்லவில்லை. சொல்ல நான் எங்கே இடம் வைத்தேன்?

"இல்லைத் தம்பி. உங்களோடைதான் கதை. பெரிய வியாழனுக்கு உங்களுக்கு ரிக்கெற் போடுறன், அவவுக்குப் பக்கத்து சீற். வாங்கோ. முழுப்பேரும் பிறந்த திகதியும் சொல்லுங்கோ, ஐடியில இருக்கிறமாதிரி."

நாலு நிமிடம் இருக்கிறது என்று காட்டியது மணிக்கூடு. அவன் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தரம் சொன்னான். எழுதக் கையில் அகப்பட்டது இந்தக் கொப்பிதான்.

நிரோஜன் சிவபாலன்
ஓகஸ்ட் 9, 1993