எல்லோருக்குமான நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நலம்தான். மூன்று நாளாக நின்றதில் கால் கெஞ்சுகிறது; சொன்னதையே சொல்லித் தொண்டையும் கட்டிவிட்டது.

கல்லூரியில் எங்கள் கடைசி ஆண்டுக் கண்காட்சி இன்றோடு முடிந்தது. பொத்தானை அழுத்தினால் உட்கார்ந்தவரை மெல்லத் தூக்கி நிறுத்தும் நாற்காலி என்னுடையது. ‘எல்லோருக்குமான நாற்காலி’ என்று பலகை வேறு வைத்திருந்தேன். உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் முழங்கால் மோவாயை இடிக்காத குறை! தேர்வாளர் சிரித்துவிட்டார்.

“யாரோட அளவும்மா இது?”

அப்போதுதான் உறைத்தது. நாற்பது பேரை அளந்து எழுதிய தாள் பையில் இருக்க, மரத்தை அறுக்கும்போது கை உன் உயரத்துக்கே போயிருக்கிறது. மதிப்பெண் கொஞ்சம் குறையும். தேறிவிடுவேன், கவலைப்படாதே.

கூட்டம் கலைந்ததும், அரங்கைப் பெருக்க வந்த அக்கா, “கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?” என்றார். ஏறக்குறைய உன் உயரம்தான். “எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே” என்றவர், துடைப்பத்தை மடியில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டார்.

அண்ணனிடம், உன் முழங்காலிலிருந்து தரைவரை டேப் வைத்து அளக்கச் சொல். அளக்கும்போது நீ செருப்பில்லாமல் நிற்க வேண்டும். என் நினைவில் இருக்கும் அளவு சரிதானா என்று பார்க்க வேண்டும்.

காவலாளி சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அக்காவை எழுப்ப வேண்டும். பொத்தானை அழுத்தினால் போதும். இன்னும் அழுத்தவில்லை.

உன் மகள்