நேராகச் சுடும் துப்பாக்கியைக் கோணல் என்று எழுதியவன், தன்மேல் தானே கொடுக்கும் புகார்

அனுப்புநர்
வெண்டல் ஹாஸ்கெட்,
கிராமப்புறத் தபால்காரர்,
மில் சாலை, ஹேம்லின்,
ஜூனிபர் கவுண்டி, மொன்டானா.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
கவுண்டிப் பூங்கா வாரியம்,
நீதிமன்றக் கட்டடம், ஹேம்லின்.

பொருள்: கவுண்டி சுடுதளம் – மேற்பார்வையாளர் திருமதி ட்வைலா பிராண்ட்வோல்ட் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல் – அதே புகாரை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளுதல் – செவ்வாய்க்கிழமை விசாரணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆகஸ்ட் 26 தேதியிட்ட எனது மனு (மூன்று பக்கங்கள், அம்புக்குறிகளுடன் கூடிய வரைபடம் ஒன்று).

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களுக்கு,

1. திருமதி ட்வைலா தம் கடையில் எனக்கு விற்ற பழைய ரைஃபிள் கோணல் என்றும், அவர் சனிக்கிழமைகளில் மேற்பார்க்கும் சுடுதளம் கோணல் என்றும், அதன் பின்னாலுள்ள மண்மேடும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது என்றும் பார்வையில் கண்ட மனுவில் எழுதியிருந்தேன். வாரியம் அதை நம்பித் தளத்தை மூடியது. அவரைப் பொறுப்பிலிருந்து நிறுத்தியும் வைத்தது. அங்கே கோணலாக இருந்த ஒரே பொருள் மனுதாரர்தான் என்பதை இப்போது பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். என் மனைவி மார்லிஸின் அண்ணன் ஹார்லனுக்குப் பிப்ரவரியில் நெஞ்சைப் பிளந்து இருதய அறுவை நடந்தது. பிழைத்து வந்தார். ஆனால் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் வானிலை பார்ப்பதோடு அவர் நாள் முடிந்துவிடும். சவரம் கிடையாது, ஊர்ப்பேச்சு கிடையாது. நெஞ்செலும்பு முழுதாகக் கூடும்வரை தோளை உதைக்கிற மான் வேட்டைத் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். "அத வித்துடு மார்லிஸ், எனக்கெதுக்கு இனிமே" என்றார் ஹார்லன். இலையுதிர்காலத்தில் மலைக்குப் போகாமல் இருந்ததே இல்லாத மனிதர் அவர். மார்லிஸ் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

3. அவளே வழியும் சொன்னாள். "உதைக்காத சின்னத் துப்பாக்கி அண்ணன்கிட்ட ஒண்ணு பழசு இருக்கு. நீங்களும் ஒண்ணு வாங்கிட்டு அவரைச் சுடுதளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. போட்டின்னு சொன்னா எழுந்திரிப்பாரு. உங்களை ஜெயிக்கிறதுன்னா கட்டாயம் எழுந்திரிப்பாரு." இதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. இருந்தாலும் துப்பாக்கி வாங்க மனைவியே சொல்கிற நாள் ஒரு மனிதன் வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? ஓடினேன்.

4. திருமதி ட்வைலா பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பு. அவர் கடையில் நான் முதலில் எடுத்தது கருப்பு பிளாஸ்டிக்கில் ராணுவத் தோரணையில் இருந்த ஒன்று. அதைத் தோளில் வைத்துக் கண்ணாடி அலமாரியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். "தபால் பையோட அதையும் தூக்கிட்டுப் போனா நாயெல்லாம் சிரிக்கும்" என்றார் ட்வைலா. அடுத்து, மாடு மேய்ப்பவர்கள் பாணியில் நெம்புகோல் வைத்தது. அதை இழுத்துப் பார்த்ததில் கட்டைவிரல் சிக்கியது. விரலை விடுவித்தவரும் அவரே. கடைசியாக, சாதாரண மரக்கட்டையும் ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் இழுத்துத் தள்ளும் கைப்பிடியும் உள்ள ஒரு பாயிண்ட் இருபத்திரண்டு ரைஃபிளை என் கையில் வைத்தார். பழையது. யாரோ பொறுப்பாக வைத்திருந்தது.

"இதான் உனக்கு. நாள் பூரா சுட்டாலும் தோட்டாச் செலவு மதியச் சாப்பாட்டுக்குள்ள அடங்கிடும். தோளை இடிக்காது. சிரிச்சிக்கிட்டே சுடலாம். மேல நாலு மடங்கு ஸ்கோப் ஒண்ணு போட்டுக்க, போதும்."

5. நாலு மடங்கு எனக்குப் போதவில்லை. இருபத்துநாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் ஒன்றைத் தபாலில் வரவழைத்து, அதை நானே எனக்கு விநியோகம் செய்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். ரைஃபிளைவிட அது விலை அதிகம் என்பது மார்லிஸுக்கு இந்த மனு மூலம்தான் தெரியவரும். துப்பாக்கியின் மேல் அதைப் பூட்டியபோது ட்வைலா பார்த்துவிட்டு, "அம்பது கஜத்துல நிக்கிறது காயிதம், வெண்டல். எங்கயும் ஓடிப் போகாது. நீ என்ன நிலாவுல இறங்கப் போறியா?" என்று கேட்டார். எச்சரிக்கை எனக்கு உரிய முறையில் வழங்கப்பட்டது என்பதைப் பதிவு செய்கிறேன்.

6. ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. நான்காம் எண் மேசையில் நான். ஐந்தாம் எண்ணில் ஹார்லன், சட்டைக்குள் நெஞ்சுக்குத் தலையணை வைத்துக்கொண்டு. "தோத்தா கஃபேல பழம் வெச்சுச் சுட்ட பை வாங்கித் தரணும் மாப்ள" என்றார். குரலில் உயிரே இல்லை. மரியாதைக்காகச் சொன்னார்.

நான் ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். தாளின் நார் நாராகத் தெரிந்தது. அதற்கு மேலே, எந்த மேசைக்கான தாள் என்று காட்டும் எண் பலகை மட்டும் தெரியவில்லை. அவ்வளவு பெரிதாகக் காட்டும் கருவியில் ஒரு தாளுக்கு மேல் வேறெதற்கும் இடமில்லை. பத்துத் தோட்டாக்கள். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தி, பாடப்புத்தகத்தில் உள்ளபடியே சுட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகச் சுட்டதில்லை. உள்ளுக்குள் தெரிந்தது.

7. சுடுவதை நிறுத்தச் சொல்லி ட்வைலா குரல் கொடுத்தார். எல்லாரும் துப்பாக்கியை வைத்துவிட்டுத் தாள்களை நோக்கி நடந்தோம். நான்காம் எண் தாளில் ஒரு துளைகூட இல்லை. நான் அதைத் தடவிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன்.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு சத்தம். ஹார்லன் சிரித்துக்கொண்டிருந்தார். தலையணை நழுவிக் கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தாளின் நடுச் சிவப்பு முழுவதும் கிழிந்து ஒரே ஓட்டையாகப் போயிருந்தது. "மாப்ள! இங்க வா மாப்ள! கை நடுங்குதாம்ல? எவன் சொன்னான்? ஆமா, உன் தாளு என்ன, கடையிலருந்து வந்த மேனிக்கே இருக்கு? திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாரு!"

ட்வைலா என் தாளைப் பார்த்தார். ஹார்லன் தாளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனார்.

8. அதற்கு மேல் சுட்டால் கை கெட்டுவிடும் என்று சொல்லி ஹார்லன் தாளைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானோ ஸ்கோப்பின் திருகுகளை இடமும் வலமுமாகத் திருகி, மீதித் தோட்டாக்களை மொன்டானா மண்ணுக்குத் தானமாகக் கொடுத்தேன். அவற்றில் ஒன்று நான்காம் எண் பலகையை இரண்டாகப் பிளந்தது. அன்று என் சொந்த எண்ணில் நான் பதித்த தோட்டா அது ஒன்றுதான். திங்கட்கிழமை உட்கார்ந்து பார்வையில் கண்ட மனுவை எழுதினேன். வரைபடத்தில் காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறிகள் உண்மையில் சூரியனின் திசை என்பதையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

9. ஹார்லனின் தாள் சட்டம் போட்டு, கார்னர் கஃபேயில் பை பலகாரங்கள் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே மாட்டப்பட்டது. மறுநாள் முதல் அவர் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டு, சட்டையை உள்ளே செருகிக்கொண்டு அங்கே வருகிறார். யார் கதவைத் திறந்தாலும் முழுக் கதையும் கேட்டாக வேண்டும். கதையில் நான்தான் கோமாளி. மான் துப்பாக்கியை விற்க வேண்டாம் என்று மார்லிஸிடம் சொல்லிவிட்டார்.

10. போன வாரம் பந்தயத்துக்கான ஹக்கிள்பெர்ரி பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தச் சட்டத்துக்கு நேர்க் கீழே உட்கார்ந்திருந்தேன். நடு ஓட்டையைச் சுற்றி, தாளின் ஓரங்களில், தடுமாறித் தடுமாறி விழுந்த துளைகள் இருந்தன. அவற்றை எண்ணினேன். பத்து. "எத்தன தோட்டா சுட்டீங்க மச்சான்?" என்று கேட்டேன். "பத்துதான். என் துப்பாக்கில அவ்வளவுதான் புடிக்கும்" என்றார். ஓரத்திலேயே பத்து இருக்கிறதென்றால் நடுவில் இருப்பது யாருடையது? முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

இருபத்தாறு வருடமாகத் தபால் கொண்டுபோகிறேன். ஒரு கடிதத்தைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெட்டியில் போட்டதில்லை. பத்துத் தோட்டாவையும் பக்கத்துத் தாளில் போட்டிருக்கிறேன்.

11. ரைஃபிளை எடுத்துக்கொண்டு ட்வைலாவின் கடைக்குப் போனேன். அவர் அதை வாங்கி, என் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு நாலு மடங்கு ஸ்கோப்பைப் பூட்டிச் சரிபார்த்தார். பின்பக்க மேய்ச்சல் நிலத்தில் ஒரு தகர மூடியை நிறுத்தி ஐந்து முறை சுட்டார். ஐந்தும் மூடியில். "துப்பாக்கிக்குக் கோளாறு இல்ல" என்றார். அவர் வேண்டுமென்றே அத்தோடு நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நடு ஓட்டை யாருடையது என்று அன்றே தெரியுமா என்று கேட்டேன். "உன் தாளு வெறுமையா இருந்தப்பவே தெரிஞ்சு போச்சு. சொல்லத்தான் வாயத் தெறந்தேன். அதுக்குள்ள அவன் சிரிச்சுட்டானே."

வாரியத்துக்கு ஒரு வரி எழுதியிருந்தால் பொறுப்பு போயிருக்காதே என்றேன். "எழுதியிருந்தா எனக்குச் சனிக்கிழம வேல கெடச்சிருக்கும். ஹார்லன் அந்த நாற்காலிக்குப் போயிருப்பான். பரவால்ல விடு, தோட்டத்துல பீன்ஸ் நெறைய காய்ச்சிருக்கு."

என் மனுவுக்குப் பிறகு மூன்று பேர் அவரிடம் வாங்கிய துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

12. இருந்தும் வீட்டுக்கு வந்து நான் என்ன செய்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அந்த நடு ஓட்டை என்னுடையது என்று உரிமை கோரி இன்னொரு மனு எழுதத் தொடங்கினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நன்றாகச் சுட்டவனுக்கு ஆசை இருக்காதா? இரண்டாம் பக்கம் வந்தபோது மார்லிஸ் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். சத்தம் போடவில்லை. "அனுப்புங்க. அனுப்பிட்டு, அந்தச் சட்டத்தையும் நீங்களே போய்க் கழட்டி, எங்கண்ணன் கையில குடுத்துட்டு வாங்க" என்றாள். மனுவைக் கிழித்தேன். மேற்படி இரண்டு பக்கங்கள் வாரியத்துக்கு வந்து சேராததற்கு இதுவே காரணம்.

13. இப்போது ஒரு புது ஆபத்து. செவ்வாய்க்கிழமை விசாரணையில் ட்வைலாவுக்காகச் சாட்சி சொல்ல ஹார்லன் தயாராகிவிட்டார். "அதே தளம், அதே காத்து, அதே நேரம். என் தாளப் பாருங்க, அப்புறம் இந்த மாப்ள தாளப் பாருங்கன்னு சொல்லப் போறேன்" என்கிறார். சட்டம் போட்ட தாளோடு வருகிறார். முன்வரிசையில் உட்காருவார். வாரிய உறுப்பினர்களில் துளை எண்ணத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் அம்மா. ஒருவர் வாய்விட்டு எண்ணினாலும் போதும், அந்த மனிதர் திரும்பவும் எழுந்திரிக்க மாட்டார்.

ஆகவே பணிவுடன் வேண்டுவது:

(அ) விசாரணையை ரத்து செய்து, திருமதி ட்வைலாவை இந்தச் சனிக்கிழமையே பொறுப்பில் அமர்த்தித் தளத்தைத் திறக்க வேண்டும்.

(ஆ) அறிவிப்புப் பலகையில், "மனுதாரர் தம் இலக்கைத் தவறவிட்டது உறுதியானதால் புகார் தள்ளுபடி" என்று மட்டும் ஒட்ட வேண்டும். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆதாரம் கேட்காமலே ஊர் நம்பும். கஃபேயில் சிரிப்பார்கள், ஹார்லன்தான் உரக்கச் சிரிப்பார். சிரிக்கட்டும். பிப்ரவரியிலிருந்து அந்தச் சத்தத்துக்காகத்தான் எங்கள் வீட்டில் காத்திருந்தோம்.

(இ) துப்பாக்கியைத் திருப்பிய மூவருக்கும் அந்த அறிவிப்பின் நகலை அனுப்ப வேண்டும். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், சரியான வீட்டில். உடைந்த எண் பலகைக்கும் நானே புதிதாக வண்ணம் அடித்துத் தருகிறேன்.

(ஈ) இந்த மனுவைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். பொது ஆவணம் என்பதால் கேட்பவருக்குக் காட்டியாக வேண்டும் என்பது தெரியும். ஹார்லன் இதுநாள்வரை எந்த ஆவணத்தையும் கேட்டதில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளவும் மாட்டார்.

(உ) கடைசியாக ஒன்று. தளம் திறந்த அன்றே மறுபோட்டி என்று ஹார்லன் சொல்லிவிட்டார். கை நடுக்கம் குறைந்து வருகிறது, நிற்க இன்னும் சில வாரம் ஆகும் என்கிறார் மருத்துவர். அதுவரை சனிக்கிழமைகளில் ஐந்தாம் எண்ணுக்குப் பக்கத்து மேசையை எனக்கே ஒதுக்கவும், என் தோட்டாக்கள் எங்கே போகின்றன என்று யாரும் விசாரிக்காமல் இருக்கவும் ஆவன செய்ய வேண்டும். ட்வைலாவிடம் பேசிவிட்டேன். "அந்த இருபத்துநாலு மடங்கையே மாட்டிக்கிட்டு வா" என்றார். ஹார்லனின் கை நடுக்கம் நின்ற பிறகு என் தோட்டாக்களை நான் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறேன்.

தெரியாமல் செய்தபோது பத்தும் சரியாக விழுந்தன. தெரிந்து செய்யும்போது என் தாளிலேயே விழுந்து தொலைத்துவிடுமோ என்றுதான் இப்போது கவலையாக இருக்கிறது.

நாள்: செப்டம்பர் 12, 2019
இடம்: ஹேம்லின்

தங்கள் கருணையையும் மௌனத்தையும் நம்பியிருக்கும்,
(ஒப்பம்) வெண்டல் ஹாஸ்கெட்

இணைப்பு: நான்காம் எண் இலக்குத் தாள் – ஒன்று. துளைகள் – இல்லை. கடையிலிருந்து வந்த மேனிக்கே இருப்பதால், வாரியம் அதை மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம்.