ஜனாதிபதியின் மூலையை விட்டு நடந்தது யார்

அன்புள்ள மகன் வெண்டலுக்கு,

சித்தப்பா ஆர்விட் எழுதுவது. நானும் உன் சித்தி மார்லிஸும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் இரண்டு கை இரண்டு காலோடு இருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம், அது போதும், அதில் பாதி எங்களைத் திட்டியிருந்தது பரவாயில்லை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடக்கும் என்று நான் போன வருஷமே சொன்னேன். ஜனங்களுக்குப் போர் கசந்துவிட்டது, இந்த ஜனாதிபதி மறுபடி ஜெயிப்பது சந்தேகம்தான் என்று மெத்தப் படித்தவர்கள் இப்போது ரேடியோவில் மூக்கில் விரல் வைக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான் அதைப் பனி அள்ளும் லாரியில் உட்கார்ந்தபடியே சொன்னேன். ஐயோவா மாநிலம் முழுக்க என்னைவிட நன்றாகச் சொன்னவன் கிடையாது.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். இந்த வட்டாரத்தில் என் லாரி போகாத தெரு இல்லை, நான் பார்க்காத முற்றமும் இல்லை. போர் ஆரம்பித்த குளிர்காலத்தில் ஜனாதிபதி பேர் எழுதின பலகை இருநூற்றுப் பதினொன்று எண்ணினேன், ஒருவன் நாய்க்கூண்டு மேல்கூட ஒன்று அடித்து வைத்திருந்தான். அப்போதெல்லாம் அந்த மனுஷன் எதிரில் யார் நின்றாலும் மண்ணைக் கவ்வியிருப்பார்கள். பிறகு நம் தேவாலயத்துக்குப் போர்முனையிலிருந்து முதல் சவப்பெட்டி வந்தது. அந்த வாரமே ஒன்பது பலகை காணோம். இரண்டாவது பெட்டிக்கு இன்னொரு ஒன்பது. ஒரு பெட்டிக்கு ஒன்பது பலகை, இது என் கணக்கு, இதைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டால் எனக்கு ஒரு பட்டமே கொடுப்பார்கள். ஆனால் விழாத பலகை எது தெரியுமா? உன்னைப்போல் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியிருக்கிற வீட்டுப் பலகை. நம் வீட்டுப் பலகையும் அப்படித்தான் நின்றது. ஒருநாள் கருத்துக் கேட்கிற பெண் ஒருத்தி போன் பண்ணி, போரை ஆதரிக்கிறீர்களா என்று சித்தியிடம் கேட்டாள். இவள் ஆமாம் என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏன்டி அப்படிச் சொன்னே, நேத்துதானே வேற மாதிரி புலம்பினே என்றேன். “இல்லைன்னு சொன்னா அவனைக் கைவிட்டுட்ட மாதிரி இருக்கே, ஆர்விட்” என்றாள். அவர்கள் போரைப் பற்றிக் கேட்டார்கள், இவள் உன்னைப் பற்றிப் பதில் சொன்னாள். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதை நம்பி அந்த மனுஷனும் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

இனி நீ கேட்ட விஷயம். ஹார்லன் உனக்கு எழுதியிருக்கிறான், ஆணிக்கடை வைத்திருப்பவனுக்கு நாக்கும் ஆணிதான். “நான் இங்கே துப்பாக்கியோட நிக்கறேன், அங்கே நம்ம வீட்டு ஆளுங்களே எனக்கு எதிரா நின்னீங்களாமே, யாரு ஆரம்பிச்சது, தெரியாம நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேன்” என்று எழுதியிருக்கிறாய். ஆரம்பித்தது நான். நானேதான். கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு பண்ணுகிற கூட்டம் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் வேட்பாளருக்கு ஒரு மூலை, தரை கெட்டுவிடும் என்று பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டின் தலைவிதியைக் காலுறையோடு நின்று தீர்மானிக்க வேண்டும். மொத்தம் எண்பது பேர். போர் வேண்டாம் என்று நம் கட்சியிலேயே ஜனாதிபதியை எதிர்த்து நிற்கிற அந்தச் செனட்டரின் மூலையில் பத்துப் பேர், பாதி பள்ளிக்கூட வாத்தியார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைய வேண்டும் அல்லவா, எண்பதுக்குப் பன்னிரண்டு. ஹார்லன் கையில் கடிகாரத்தோடு ஜனாதிபதியின் மூலையில் நின்று, “இன்னும் மூணு நிமிஷம், அப்புறம் எல்லாரும் நல்ல பிள்ளைங்களா இந்தப் பக்கம் வந்துடுங்க” என்று சிரித்தான். நாங்களும் அவன் மூலையில்தான் நின்றோம். நான் நடந்தேன். எண்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க, அரங்கின் நட்டநடுவில் நடந்தேன். “யோவ் ஆர்விட், கக்கூஸ் அந்தப் பக்கம் இல்லய்யா!” என்று கத்தினான் ஹார்லன். “தெரியும் ஹார்லன், நாத்தம் உன் பக்கத்துலேர்ந்துதான் வருது” என்றேன். அங்கேயே அரைமணி நேரம் பேசினேன், வாத்தியார்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்று நிமிஷத்தில் எப்படி அரைமணி நேரம் பேசினாய் என்று கேட்காதே. என் பின்னாலேயே சித்தி வந்தாள், பன்னிரண்டு ஆயிற்று, மூலை கலையவில்லை. அன்றைக்கு மாநிலம் முழுக்க இப்படி எத்தனையோ மூலைகள் கலையவில்லை, மறுநாள் ரேடியோ அதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தது.

மறுநாள் காலை நம் முற்றத்துப் பலகையைப் பிடுங்கப் போனேன், மண் உறைந்து கிடந்ததில் கம்பிதான் வளைந்தது, லாரியில் சங்கிலி போட்டு இழுத்தேன். அதிலிருந்து ஊரில் பாதி எங்களோடு பேசுவதில்லை. ஹார்லன் கடைக்குப் போனால் அவன் முதுகுக்குப் பின்னால் டப்பா டப்பாவாக இருக்க, “ஆணி தீந்து போச்சு” என்கிறான். நான் வேண்டுமென்றே ஜனாதிபதி பலகைகளைப் பனியில் புதைப்பதாக என் அலுவலகத்தில் புகார் வேறு. பனிக்குக் கட்சி கிடையாது, வேண்டுமானால் நாளைக்கு நீங்களே வந்து அள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தேவாலய விருந்துக்குச் சித்தி செய்துகொண்டுபோன உருளைக்கிழங்குப் பாத்திரத்தை ஒருவரும் தொடவில்லை. நான் அதை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க முழுவதையும் வழித்துத் தின்றேன். இரண்டு நாள் வயிறு வலித்தது, ஆனால் தலை குனியவில்லை. இந்த ஜனாதிபதி நவம்பர் தேர்தலில் தோற்பார், எழுதி வைத்துக்கொள். ஜெயித்தாலும் நாங்கள் நின்ற இடம் நின்ற இடம்தான், யாருக்காகவும் நகர மாட்டோம், உனக்காகக்கூட.

கோபமாக இருந்தால் கோபத்தோடு வா, வந்து நேரில் திட்டு. உன் அறையில் தினமும் கணப்பு போட்டு வைத்திருக்கிறோம். அதுவரை யாராவது ஆள் வேண்டும் என்று கூப்பிட்டால் முதலில் கையைத் தூக்காதே, அந்தப் புத்தி நம் குடும்பத்துக்கு ஆகாது. கால் ஈரத்தோடு தூங்காதே. வாரத்துக்கு ஒரு வரியாவது எழுது, திட்டியாவது எழுது. கடவுள் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும்.

கையெழுத்துப் போடப் போனேன், பேனா நகரவில்லை. முதலில் நடந்தது நான் இல்லை, வெண்டல். நான்தான் என்று எழுதச் சொன்னதே சித்திதான். “கோபம் உன் மேல போகட்டும், உன்னைன்னா அவன் ஒரு மாசத்துல மன்னிச்சிடுவான், என்னையும் வெறுத்துட்டா எனக்குத் தாங்காது” என்றாள். ஹார்லன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் என் காலைப் பார்த்துக்கொண்டு ஜனாதிபதியின் மூலையில்தான் நின்றேன். பக்கத்தில் ஆள் நகர்ந்தது தெரிந்தது, நிமிர்ந்தால் அவள் பாதி தூரம் போயிருந்தாள். எங்கே போறே என்று ஹார்லன் அதட்டினான். அவள் திரும்பி, “பலகையை வெச்சிருந்தா அவன் திரும்பி வருவான்னு நினைச்சேன். வெச்சுக்கிட்டேதான் இருந்தேன். அவனுக்குப் போர்ல இன்னும் ஆறு மாசம் நீட்டிட்டாங்க” என்றாள். அவ்வளவுதான் பேசினாள், அரைமணி நேரம் எல்லாம் இல்லை. பதினொன்று என்று யாரோ எண்ணினார்கள். அவள் என்னைக் கூப்பிடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கால் வர ஒரு நிமிஷம் ஆயிற்று.

இப்படிக்கு,
பன்னிரண்டாவதாகப் போனவன்,
உன் சித்தப்பா ஆர்விட்