யாரும் தொடாதபோது ஓடும் விளையாட்டு

என் ஆசை அக்காவுக்கு,

போன வெள்ளிக்கிழமை உனக்கு வருசத் திதி கொடுத்தோம். கூப்பிட்ட நேரத்துக்குச் சாப்பிட வரும் பழக்கம் உனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அன்றைக்காவது வந்தாயா? அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சங்கதி. தெமோதரைத் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் புதுக் கூரைத் தகரம் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் அம்மா திட்டுவதுகூடக் கேட்பதில்லை, அது ஒரு வசதி. நான் இன்னும் பதுளையில் அதே துணிக்கடையில்தான் நிற்கிறேன். கைபேசி ஒன்று வாங்கியிருக்கிறேன், அதில் பாம்பு விளையாட்டு இருக்கிறது. நீ இருந்திருந்தால் அது என் கையில் தங்கியிருக்குமா?

சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய் நீ அனுப்பிய முதல் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? அதைப் பிரிக்கும்போது லயமே கூடி நின்றது. பால்மா வரும், வாசனைச் சவர்க்காரம் வரும் என்று எல்லோருக்கும் நினைப்பு. மேலே ஒரு கம்பளி இருந்தது. அதைத் தூக்கினால் ஒரு டிவி கேம், இரண்டு ஜாய்ஸ்டிக், சாக்குப் பை நிறைய கேம் கசெட்டுகள், கூடவே அரபுப் புத்தகங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் புதுசு வந்ததும் தூக்கி எறிந்த பழசையெல்லாம் கேட்டு வாங்கிச் சேர்த்திருந்தாய். நம் லயத்துக்கு அப்போது கரண்டே வரவில்லை!

"கிறுக்கச்சி! வெளக்குக்கு மண்ணெண்ணெ வாங்குற வீட்டுக்கு இத எதுக்குடி அனுப்பியிருக்கா?" என்று அம்மா போட்ட சத்தம் உனக்கு அங்கேயே கேட்டிருக்கும்.

ஆனால் அந்தப் புத்தகங்களை மட்டும் அம்மா தொடவிடவில்லை. எந்தப் பேப்பர் கிடைத்தாலும் சுவரில் ஒட்டிவிடுகிறவள், அரபு எழுத்தைப் பார்த்ததும் வேதப் புத்தகம் என்று நினைத்து, மஞ்சள் துணியில் சுற்றிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அரபு வாசிக்கத் தெரிந்த முஸ்லிம் கடைக்காரர், நம் கடை நானாவிடம் ஒன்றைக் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "இது கேம் வெளயாடுற புள்ளைகள்ட புத்தகம், தங்கச்சி" என்றார். வந்து சொன்னேன். "இருக்கட்டும், எழுத்து எழுத்துதான்" என்று அம்மா துணியை அவிழ்க்கவே இல்லை. அதனால்தான் உன் புத்தகங்கள் ஒரு பக்கம் கிழியாமல் உன்னிடம் வந்து சேர்ந்தன.

நீ திரும்பி வந்த பிறகு ஒருநாள், ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டேன். "அந்த வீட்ல நான் உக்காந்த ஒரே நேரம் அதுதான் பாப்பா. சாயந்தரமானா பிள்ளைங்க வெளயாடக் கூப்புடுங்க. அந்த நேரத்துல மட்டும் யாரும் என்ன வேலைக்குக் கூப்புட மாட்டாங்க" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

அப்புறம் லயத்துக்குக் கரண்ட் வந்தது. பழைய டிவி ஒன்றைப் பிடித்து வந்து மாட்டினாய். என் கையில் ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்து, "அமுக்கு பாப்பா" என்றாய். திரையில் குட்டி மனிதன் ஓடினான், பள்ளம் தாண்டினான். எனக்கு ஒரே பெருமை, பிறவியிலேயே வித்தை தெரிந்தவள் என்று. நீ தரையில் உருண்டு சிரித்த பிறகுதான் என் ஜாய்ஸ்டிக்கின் வயர் மெஷினில் சொருகப்படவே இல்லை என்று பார்த்தேன். யாரும் தொடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே விளையாடிக் காட்டுமாம். பொத்தானைத் தொட்டால் நின்றுவிடுமாம். பாவி!

அதற்குப் பிறகு உன் சேகரிப்புக்கு எல்லை இருந்ததா? பதுளைச் சந்தையில் பழைய பேப்பர் குவியலுக்குள் தலையை விட்டால் பஸ் போனதுகூடத் தெரியாது. கடலைச் சுருளில் கேம் படம் போட்ட தாளைக் கண்டுவிட்டாய் ஒரு தடவை. "அண்ணே, இதே புத்தகத்துத் தாள்லயே குடுங்கண்ணே" என்று கெஞ்சி, மிச்சப் பக்கங்கள் கிடைக்கும்வரை நம் எல்லோருக்கும் கடலைதான். அம்மாவுக்கு வாயு பிடித்தது அந்த வாரத்தில்தான்.

நோய் வந்து நீ போன பிறகு அம்மா அழவே இல்லை, அக்கா. மலைக்குப் போனாள், தேயிலைக் கொழுந்து எடுத்தாள், வந்தாள், படுத்தாள். உன் கேம் சாமான்களெல்லாம் வைத்திருந்த பெட்டியைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திதி நெருங்கியபோது சொன்னாள்: "வருசம் முடிஞ்சதும் அந்தப் பெட்டி இங்க இருக்கக் கூடாது. பழைய சாமான்காரன் வந்தா குடுத்துரு. அதப் பாக்கப் பாக்க வயிறு எரியுது." அந்தப் பொத்தான்கள் உன் விரல் பட்டுத் தேய்ந்தவை. அவற்றைக் கொடுத்துவிட்டு நான் எதைத் தொட்டுப் பார்ப்பது?

திதியன்று ரொட்டி, சம்பல், கோழிக் குழம்பு, அவித்த முட்டை எல்லாம் உன் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தோம். நான் டிவியை மாட்டி, மெஷினைப் போட்டு, உன் ஜாய்ஸ்டிக்கை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "படையல்ல வெளயாட்டுச் சாமான வைக்கிறதா?" என்று அம்மா முறைத்தாள். "புடிச்சதத்தானம்மா வைக்கணும்" என்றேன். சூடம் காட்டிவிட்டு, நீ வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வாசலில் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

அம்மாதான் கதவைத் திறந்தாள். திறந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

திரையில் உன் குட்டி மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். பள்ளம் தாண்டினான், காசு பொறுக்கினான். வீட்டுக்குள் ஒருவரும் இல்லை.

"பாப்பா... அக்கா வந்திருக்காடி."

ஒரு வருசமாக அடக்கிவைத்ததையெல்லாம் அம்மா அன்று அழுது தீர்த்தாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "வெளயாடு சாமி, வெளயாடு. யாரும் உன்ன வேலைக்குக் கூப்புட மாட்டோம்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பெட்டி இங்கயே இருக்கட்டும். அடுத்த வருசம் வந்தா எத வச்சு வெளயாடுவா?" என்றாள்.

அந்த மெஷினின் குணம் எனக்குத் தெரியும். நீதானே காட்டிக்கொடுத்தாய். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, இந்தக் கடிதத்தை யாரும் அவளுக்குப் படித்துச் சொல்லிவிடக் கூடாது.

உன்னிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். அது மெஷின்தானே, அக்கா? எல்லாம் தெரிந்த எனக்கும் ஏன் கை நீளவில்லை? ஜாய்ஸ்டிக் முன்னாலேயே கிடந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் நின்றிருக்கும். அம்மாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நீ ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒவ்வொரு வருசமும் மெஷினைப் போட்டு வைப்பேன், கதவைச் சாத்தி வைப்பேன். சத்தியமாகப் பொத்தானைத் தொட மாட்டேன்.

வயர் சொருகாத ஜாய்ஸ்டிக்கோடு,
உன் தங்கச்சி பாப்பா